செபஸ்தியார் தலையில் ஒரு துளை

துபாய்க்கு வருவதற்கு முன் மூன்று மாதம் இந்தி படித்தேன். அரபு நாட்டுக்குப் போகிறவன் எதற்கு இந்தி படிக்கிறான் என்று வீட்டில் கேட்டார்கள். அங்கே வேலை நடப்பதே இந்தியில்தான், அரபு தெரியாமல் முப்பது வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், இந்தி தெரியாமல் முப்பது நாள் தாக்குப்பிடித்தவர் கிடையாது என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். பிரசங்கத்தில் சொன்னதெல்லாம் போனில் படித்ததுதான். திருச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த அந்த வகுப்பில் நான்தான் முதல். சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்துகொண்டு விமானம் ஏறினேன்.

பெட்டியில் இன்னொரு சான்றிதழும் இருந்தது. ஐரோப்பியச் சிற்பக்கலை, ஆறு வாரம், இணையவழி. அந்த ஆறு வாரப் பாடத்தை நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு மூன்றே வாரத்தில் முடித்தேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதை எதை வேகமாகத் தாண்டிப் போனேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை, அல் கூஸில் இருக்கும் ஒரு கோடவுனில். அருங்காட்சியகங்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் சிலைகளையும் ஓவியங்களையும் கொண்டுவந்து இறக்கும் கம்பெனி. பொருள் வந்து சேர்ந்ததும் எங்கே கீறல், எங்கே விரிசல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்து, படமெடுத்து, ரிப்போர்ட் எழுத வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போது எந்தக் கதவில் நசுங்கல் என்று ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுத் தருவார்களே, ஏறக்குறைய அந்த வேலை. வீட்டில் நான் சொல்லியிருந்தது 'கலை வரலாற்று ஆய்வாளர்' என்று.

வந்த மூன்று வாரத்தில் இந்த ஊர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காரணம், மரியாதை. இவ்வளவு மன்னிப்புக் கேட்கிற மனிதர்களை நான் எங்குமே பார்த்ததில்லை. கடைக்காரர் "சில்லறை மாஃபி" என்பார். வாட்ச்மேன் "பார்க்கிங் மாஃபி" என்பார். கம்பெனி பஸ் டிரைவர் ஏறும்போதே "ஏசி மாஃபி" என்று சொல்லிவிடுவார். மாஃபி என்றால் இந்தியில் மன்னிப்பு. முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு அது தெரியாதா? நானும் ஒவ்வொருவரிடமும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று கையமர்த்திக்கொண்டே நடந்தேன். அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "இங்க சில்லறை இல்லேன்னாக்கூட மன்னிப்பு கேக்கறாங்கம்மா. நம்ம ஊர்ல கண்டக்டர் கேப்பாரா?"

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து செபஸ்தியார் வந்து சேர்ந்தார்.

புனித செபஸ்தியார், மரச்சிற்பம், ஐந்நூறு வருஷத்துக்கும் மேலானது. அபுதாபியில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக இரவல் வந்தவர். கிறிஸ்துவைக் கைவிட மறுத்ததற்காக மரத்தில் கட்டி அம்பெய்யப்பட்டவர் என்பதால் அவரைச் செய்கிற யாரும் உடம்பெல்லாம் அம்புகளோடுதான் செய்வார்கள். பெட்டிக்கு முன்பே வந்துவிட்ட கோப்பு, ஜெர்மன் மொழியில் இருபது பக்கம், என் மேசையில் ஆறு நாளாகக் கிடந்தது. புறப்படும் முன் சிற்பம் எப்படி இருந்தது என்று அங்கே எழுதிய ரிப்போர்ட் அது. அதை வைத்து ஒப்பிட்டுத்தான் நான் என் ரிப்போர்ட்டை எழுத வேண்டும். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் சான்றிதழ் இருந்ததே. கோப்பின்மேல் டீக் கோப்பையை வைத்துக்கொண்டேன்.

பெட்டி குளிரூட்டிய அறையில் ஒரு நாள் முழுக்க மூடியே இருக்க வேண்டும். புது ஊர்க் காற்று மரத்துக்குப் பழக வேண்டுமாம். செபஸ்தியாருக்கு இருபத்தோரு டிகிரி. சரக்கு இறக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு வெளியே என்ன வெயிலோ அது. அவர்களைப் புது ஊர்க் காற்றுக்குப் பழக்க யாரும் ஒரு நாள் கொடுத்ததில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, ஜெர்மனி அருங்காட்சியகத்து அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு. என்னால் ஒன்றரை மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பெட்டி செய்வதும் பிரிப்பதும் ஒரு தச்சரின் பொறுப்பு. சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டே வயது மூத்தவர். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். அந்த சாரில் எப்போதும் லேசாக ஒரு கேலி இருக்கும்.

"மூணு மணிக்குத்தான சார் தொறக்கச் சொன்னாக?"

"மூடிய மட்டும் கழட்டுங்கண்ணே. நான் தொடமாட்டேன்."

"தொடமாட்டேங்கிறவகதான் சார் மொதல்ல தொடுறது."

சொல்லிக்கொண்டே ஸ்குரூ மெஷினை எடுத்தார். கை வேலை செய்ய, வாய் தன் பாட்டுக்கு ஊரைப் பற்றிப் பேசியது. வியாழக்கிழமை சாயந்திரம் அவருக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர் ஒருவர்தான். இவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மீனா பஜாரில் தோடு வாங்கியாகிவிட்டது.

"ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு சார், எனக்கு லீவு கெடைக்கலன்னு. இந்தத் தடவையும் வரலைன்னா மச்சான் வீட்டுல அவுக பங்காளிப் பய எவனையாவது உக்கார வச்சுருவாக. அக்கா அழுதுக்கிட்டே சொல்லுச்சு. என் மடி இருக்கைல இன்னொருத்தன் மடியில வச்சுக் குத்துனா, அப்பறம் நான் என்னத்த மாமன்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.

மூடி வந்தது. நுரைப்பஞ்சை விலக்கினோம். நாலடி நீளத்துக்கு மல்லாந்து படுத்திருந்தார் செபஸ்தியார். சுருள் சுருளாக முடி, கட்டப்பட்ட கைகள், இடுப்புத் துணியின் மடிப்புக்குள் மட்டும் கொஞ்சம் பழைய சிவப்பு. அம்புகள் எப்போதோ உதிர்ந்துபோய் உடம்பெங்கும் துளைகள் மட்டும் இருந்தன. முகத்தில் வலியே இல்லை. இமிக்ரேஷன் வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, நடப்பது நடக்கட்டும் என்று, அந்த முகம்.

"எங்க ஊர் சர்ச்சுல இருக்காரே, இவருதான?" என்றார் தச்சர். "என்ன மரம் சார் இது?"

பெட்டியின்மேல் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டில் 'லைம் உட்' என்று பார்த்த ஞாபகம். "எலுமிச்சை மரம்ணே" என்றேன்.

அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எலுமிச்சையில இம்புட்டுப் பெரிய கட்டையா? முள்ளுதான சார் கெடைக்கும்."

"ஜெர்மனி எலுமிச்சைண்ணே. அங்க பெருசா வளரும்."

"வளரும் வளரும்" என்றார். அது எலுமிச்சையே இல்லை, லிண்டன் என்று வேறொரு மரம், ஆங்கிலத்தில் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கிறது என்று அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று தலைமாட்டுப் பலகையையும் கழற்றச் சொன்னேன். ஆறு ஸ்குரூ. கடைசி ஸ்குரூ கிறீச்சிட்டு வெளியே வந்தது. பலகையை எடுத்து, பஞ்சை விலக்கி, டார்ச் அடித்துக் குனிந்தேன். உச்சந்தலையில், சுருள் முடிக்கு நடுவே, ஒரு துளை. என் பெருவிரல் நுழையும். பஞ்சின்மேல் மரத்தூள் சிதறியிருந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. உடம்பில் இருக்கும் அத்தனை துளைக்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது: அம்பு, அம்பு, அம்பு. தலையில் யாரும் அம்பு விட்டதாக ஆறு வாரப் பாடத்தில் இல்லை. தலைமாட்டில் நிற்கிறவர் கையிலோ மெஷின்.

"அண்ணே, இது நீங்க போட்டதா?"

"எது?"

"தலைல பாருங்க. ஓட்டை."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு கையையும் விரித்தார். "மாஃபி சார்."

"நிஜமாச் சொல்லுங்க."

"மாஃபி சார், மாஃபி, மாஃபி. என்ன சார் நீங்க!"

மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டார் பாவம் என்று நினைத்தேன். அவர் முகத்தில் எவ்வளவு வருத்தம் இருந்தது தெரியுமா? எல்லாம் நான் போட்டுப் பார்த்த வருத்தம். பெருந்தன்மையோடு தோளில் கை வைத்து, "விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவரும் நிம்மதியாக "சரி சார்" என்றார். நான் எதை மன்னித்தேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் எதற்குச் சரி என்றார் என்று எனக்கும் தெரியாது.

பத்து நிமிடத்தில் மேனேஜருக்கு மெயில் போய்விட்டது. அந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. உச்சந்தலையில் புதிய துளை, பிரிக்கும்போது ஏற்பட்டது, தச்சர் உடனே தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன். அதோடு விட்டேனா? 'நேர்மையான மனிதர், கருணையோடு பரிசீலிக்கவும்' என்று கடைசியில் ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் அவரை முழுசாக முடித்தது. கருணை கேட்டு ஒருவன் எழுதினால், குற்றம் நடந்ததில் யாருக்கு என்ன சந்தேகம் இருக்கும்?

மேனேஜர் லெபனான்காரர். வேகமாகப் பேசுவார், வேகமாக முடிவெடுப்பார். மூன்று மணி வீடியோவை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். தச்சரை அறைக்குக் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"உன்னிடம் ஒப்புக்கொண்டான். என்னிடம் வந்து மாஃபி என்கிறான்!"

எனக்குப் புரியவில்லை. இவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், பிறகு ஏன் கோபம்? "அவர் மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார்" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "துளையைக்கூட மன்னிப்பேன். பொய்யை மன்னிக்கமாட்டேன். கலாஸ், முடிந்தது" என்றார்.

விசாரணை முடியும்வரை தச்சருக்கு லீவு ரத்து, பெட்டி வேலையிலிருந்து லோடிங்குக்கு மாற்றம். எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் அறைக்குத் திரும்பியதும், இவ்வளவு மன்னிப்புக் கேட்கும் ஊரில் மன்னிக்கும் வழக்கம் மட்டும் ஏன் இல்லை என்று சமூகவியல் யோசனையில் இறங்கிவிட்டேன். லிண்டன் மரத்தைப் படித்ததும் அன்றுதான்.

புதன்கிழமை மதியம் பக்கத்துக் கஃபடேரியாவுக்குச் சாப்பிடப் போனேன். நடத்துகிறவர் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் பாய். கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றுகொண்டு இரண்டையும் பார்ப்பார். எங்கள் பஸ் டிரைவரும் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், ரெண்டு பரோட்டா."

"பரோட்டா மாஃபி தம்பி."

"பரவால்ல பாய். ரெண்டு குடுங்க."

"மாஃபிங்கறேன்."

"அதான் பரவால்லேங்கறேனே பாய். நான் மன்னிச்சுட்டேன். எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?"

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னத்த மன்னிச்சீங்க?"

"நீங்க மன்னிப்பு கேட்டீங்கல்ல?"

"நான் எதுக்கு தம்பி ஒங்கள்ட்ட மன்னிப்பு கேக்கணும்? பரோட்டா தீந்துபோச்சுன்னு சொல்றேன். மாஃபின்னா இல்ல. கெடையாது. அரபி!"

டிரைவருக்கு டீ புரையேறிவிட்டது. "பாய்! நான் தெனம் ஏசி மாஃபின்னா இவரு 'பரவால்ல, பரவால்ல'ன்னு தட்டிக்குடுத்துட்டுப் போவாரு. என்னடா இவ்வளவு நல்ல மனுசனா இருக்காரேன்னு நெனச்சேன்."

"மூணு வாரமாக் கடையவே மன்னிச்சுட்டாரு" என்றார் பாய். "ரொம்பப் பெரிய மனசு. தோசை இருக்கு, தரட்டுமா? இல்ல, அதையும் மன்னிச்சுடறீங்களா?"

கடையே சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. மாஃபி சார், மாஃபி, மாஃபி. என்ன சார் நீங்க! அந்தக் குரல் இப்போது வேறு மாதிரி கேட்டது. தச்சர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் போடவில்லை, போடவில்லை, போடவே இல்லை என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். மேனேஜரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அரபுக்காரர் என்பதால் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது. என்னிடம் ஒப்புக்கொண்டவன் தன்னிடம் மறுக்கிறான் என்று கோபம் வந்திருக்கிறது. தச்சரைப் பொய்யராக்கியது நான்.

வெயிலில் ஓடினேன். தச்சர் லோடிங்கில் காலிப் பெட்டிகளின் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"அண்ணே, மாஃபின்னா இல்லைன்னு அர்த்தமா?"

"ஆமா. நீங்க என்னன்னு நெனச்சீக?"

சொன்னேன். மருந்துக்கடை மாடி வகுப்பு முதல் பரோட்டா வரை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையிலிருந்த பலகையை மெதுவாக இறக்கி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாம ரெண்டு பேரும் தமிழ்லதான சார் பேசிக்கிட்டிருந்தோம்?"

"ஆமாண்ணே."

"அப்பறம் நடுவுல எதுக்கு இந்திக்குப் போனீக?"

அவர் இறக்கி வைத்த பலகையை நான் தூக்கி அடுக்கில் வைத்தேன்.

"காதுல ஓட்டை போடப் போறவன, இன்னொரு ஓட்டையக் காட்டி நிறுத்திட்டீகளே சார். நேத்து அக்காகிட்ட லீவு இல்லைன்னு சொன்னேன். 'எனக்கே காது குத்துறியா, வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லு'ன்னு போன வச்சுருச்சு. அங்கயும் நான் பொய்யன், இங்கயும் நான் பொய்யன்." பாக்கெட்டிலிருந்து ஸ்குரூ பிட்டை எடுத்து என் கண் முன் நீட்டினார். "பென்சில் கனங்கூட இல்ல. அந்த ஓட்டையில ஒங்க வெரலே போகுமே. ஒங்களுக்குக் கண்ணு இருந்துச்சா இல்லையா? இதுல எப்புடி அதப் போடுறது? அதுவும் அந்த ஓட்டைக்கு உள்ள கன்னங்கரேல்னு இருக்கு. நேத்துப் போட்ட ஓட்டைன்னா வெள்ளையா இருக்காதா? பஞ்சுல கெடந்த தூளு பெட்டிப் பலகையில ஸ்குரூ கழட்டுனப்ப விழுந்தது. அடியில பாத்தீகளா? காலுக்குக் கீழயும் இருக்கு. நேத்துப் பஞ்ச வெலக்கும்போதே பாத்தேன்."

"அடியிலயுமா? ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

குளிரறைக்குப் போய்க் கால்மாட்டுப் பஞ்சை விலக்கிப் பார்த்தேன். பீடத்தின் அடியில் இருந்தது. தலைத் துளைக்கு நேர்க்கோட்டில். பிறகு மேசைக்கு வந்து டீக் கோப்பையை நகர்த்தினேன். ஆறு நாள் கோப்பைகள் அட்டையில் ஒன்றின்மேல் ஒன்றாக வட்டம் போட்டிருந்தன. ஜெர்மன் ரிப்போர்ட்டைத் திறந்து போன் கேமராவை ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் மேலிருந்து எடுத்த படம்: சுருள் முடி, நடுவே துளை, பக்கத்தில் அளவுகோல்கூட வைத்திருந்தார்கள். கீழே இருந்த ஜெர்மன் வரியைப் போன் மொழிபெயர்த்துக் கொடுத்தது. செதுக்கும்போது கட்டையைப் பிடித்து நிறுத்திய துளை. அடைப்புக்கட்டை பழைய காலத்திலேயே காணாமற்போயிருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே மரச்சிற்பிகள் கட்டையைப் படுக்கப்போட்டு, தலைப்பக்கம் ஒரு முளை, கால்பக்கம் ஒரு முளை என்று இரண்டுக்கும் நடுவே கோத்து, திருப்பித் திருப்பிச் செதுக்குவார்களாம். வேலை முடிந்ததும் தலையில் ஒரு கட்டையை அடித்து அடைத்து மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். இதெல்லாம் என் பாடத்திலேயே மூன்றாம் வாரத்தில் இருந்தது. அன்று மாலையே போட்டுப் பார்த்தேன், இந்த முறை சாதாரண வேகத்தில். இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவரா அந்தப் பேராசிரியர் என்று ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அது மாலையில். அதற்கு முன் மூன்று மணி இருந்தது. இரண்டே முக்காலுக்கு மேனேஜர் அறைக்குள் போய், ஒன்பதாம் பக்கத்தை மேசையில் வைத்து, துளை பழையது என்றேன். அவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்படியானால் அவன் ஏன் ஒப்புக்கொண்டான்?"

ஓர் அரபுக்காரரிடம் போய், இந்த நாட்டில் இறங்கிய முதல் மணி நேரத்தில் எவரும் தெரிந்துகொள்ளும் ஓர் அரபுச் சொல் எனக்கு மூன்று வாரமாகத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் விளக்குவதைவிடக் கேவலமான வேலை இன்னும் எனக்கு வாய்க்கவில்லை. இந்தியில் அதே சத்தத்துக்கு மன்னிப்பு என்று பொருள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த அறைக்குப் போன் போட்டு அரபியில் சொன்னார். அங்கேயும் சிரித்தார்கள். சுவர் வழியாகக் கேட்டது.

சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "நேற்று அவனை என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறாய் என்று திட்டினேன்" என்றார். 

வீடியோவில் ஜெர்மனி அம்மா தலைத் துளையைப் பார்த்து, பழைய நண்பரைப் பார்த்தது போலத் தலையசைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்று விநாடி. மிச்ச நேரமெல்லாம் இன்னொரு கேள்விக்குப் போனது: தன் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தும் பஞ்சு ஏன் ஏற்கெனவே வெளியே இருக்கிறது? நான்தான் சொல்லித் திறந்தேன், தச்சர் வேண்டாம் என்றார் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பால் என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. அது வேறு கதை. பெட்டிகளிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று தரையில் எனக்காக ஒரு மஞ்சள் டேப்பும் ஒட்டினார்கள். அதன் பின்னால் நின்றுதான் இன்றும் ரிப்போர்ட் எழுதுகிறேன்.

லீவு திரும்பக் கிடைக்க நான் முதல் மெயிலை எழுத்தில் வாபஸ் வாங்க வேண்டும் என்றார் மேனேஜர். அன்று மாலையே எழுதினேன். சுருக்கமாக, கருணை எதுவும் இல்லாமல். தச்சரிடம் போய், "முடிஞ்சதுண்ணே, நாளைக்குப் பொறப்படுங்க" என்றேன். அவர் "கையில பேப்பர் வரட்டும் சார்" என்றார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு எச்.ஆர். பெண்மணி கூப்பிட்டார். பிலிப்பைன்ஸ்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். மூன்று காகிதங்களை வரிசையாக வைத்தார். முதல் மெயில், இரண்டாவது மெயில், தச்சரின் லேபர் கார்டு நகல். மூன்றிலும் மூன்று விதமாக இருந்தது அவர் பெயர். முதல் மெயிலில் என் காதில் விழுந்தபடி எழுதியிருந்தேன். இரண்டாவதில் எப்படி எழுதினால் அழகாக இருக்குமோ அப்படி.

"இவர் குற்றம் செய்தவர்" என்று முதல் காகிதத்தைத் தொட்டார். "இவர் செய்யாதவர். இவர் எங்களிடம் வேலை செய்பவர். இந்த மூன்று பேரில் யாருக்கு லீவு?"

தச்சர் ஊருக்குக் கட்டிய பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். வெளியே ஏர்போர்ட் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவரை உள்ளே கூப்பிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒங்களுக்கு இந்தியும் வரல, அரபியும் வரல. என் பேராவது வருமா சார்?"

"நீங்களே சொல்லுங்கண்ணே. ஒவ்வொரு எழுத்தா."

லேபர் கார்டை எடுத்து, பேனா மூடியால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான் ஒற்றை விரலால் அடித்தேன். மூன்றாவது மெயில் போனது. எச்.ஆர். பெண்மணி அச்செடுத்தார், முத்திரை குத்தினார், லீவுத் தாளோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"போங்கண்ணே, லேட்டாகுது."

அவர் எழுந்திருக்கவில்லை. கார்டை இடது பக்கமும் தாளை வலது பக்கமும் வைத்துக்கொண்டு பேனா மூடியை நகர்த்தினார். பாதியில் நின்றது.

"இங்க ரெண்டு 'என்' இருக்கு சார். கார்டுல ஒண்ணுதான்."

பார்த்தேன். இருந்தது. இன்னொரு மெயில், இன்னொரு அச்சு, இன்னொரு முத்திரை. வெளியே ஹாரன் நிற்கவே இல்லை. "இர்றா, வர்றேன்" என்று கதவைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். ஊர்ப் பெயர், அப்பா பெயர், தன் பெயர். ஒவ்வொன்றாகக் கடைசி எழுத்துவரை போனார். ஒருமுறை போதவில்லை போலிருக்கிறது, இரண்டாம் முறையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.